முகத்தின் திரையும் மனத்தின் கோணலும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மூதாட்டியை அடக்கம் செய்தோம். நினைவு அட்டையில் அச்சிடுவதற்காகப் பிள்ளைகள் அவருடைய படத்தைக் கொடுத்து, முகத்துச் சுருக்கங்களையெல்லாம் நீக்கச் செய்தார்கள். அட்டையை வாங்கிப் பார்த்த சிறு பேரன், "இது எங்கள் பாட்டி இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். முகத்தில் சுருக்கம் விழுவது ஒரு குறையா? அன்று முதல் இக்கேள்வி என்னை விடவில்லை.

ஆங்கிலத்தில் சுருக்கத்தை 'ரிங்கிள்' என்பார்கள். துணியின் கசங்கலுக்கும் தோலின் கோட்டுக்கும் அதுவே பெயர். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர் வளைந்து நெளிதலைக் குறித்தது. ஈரத் துணியைப் பிழிவதைக் குறிக்கும் 'ரிங்', தவறு என்று பொருள்படும் 'ராங்' ஆகிய சொற்களும் இதற்கு உறவென்பர் சொல்லாராய்ச்சியாளர். 'ராங்' என்பதற்கும் ஆதியில் கோணல் என்றே பொருள். 19-ம் நூற்றாண்டில் 'ரிங்கிள்' என்பதற்குச் சாமர்த்தியமான யுக்தி என்ற பொருளும் வழங்கலாயிற்று. முதுமையின் கோடு, மூளையின் தந்திரம் இரண்டுக்கும் ஒரே சொல்!

அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் (5-ம் அதிகாரம், 27-ம் வசனம்) திருச்சபையைக் கறையும் சுருக்கமும் இல்லாத மணவாட்டிக்கு ஒப்பிடுகிறார். இலத்தீன் வேதாகமத்தில் அங்கே சுருக்கத்துக்கு வரும் சொல் 'ரூகா'. அப்படியானால் அப்போஸ்தலர் நம் வீட்டுக் கிழவிகளைக் குறை சொல்கிறாரா? இல்லவே இல்லை. அவர் பேசுவது பரிசுத்தத்தைப் பற்றி. அவர் வேண்டாமென்பது மனத்தின் கோணல்.

முகக்கோடு எப்படி விழுகிறது? நாம் சிரிக்கும்போதும் நெற்றி சுளிக்கும்போதும் தோலுக்கடியிலுள்ள தசை அதை மடிக்கிறது. இளமையில் மடிப்பு உடனே விரிந்துவிடும். வயது ஏற ஏற, வெயில் பட்டுப்பட்டு, தோல் துவண்டு மடிப்பு நிலைத்துவிடுகிறது. வயலில் வெயில் காய்ந்ததும், பிள்ளையின் காய்ச்சலுக்காகக் கவலைப்பட்டதும், பேரனைக் கண்டு சிரித்ததும் அங்கே இருக்கின்றன. இதில் பாவம் எங்கே? கூடப்பிறந்தவனின் பங்கை அபகரித்தவனுடைய முகம் வழவழவென்று இருக்கக்கூடுமே!

தமிழில் தோல் சுருக்கத்தைத் 'திரை' என்கிறோம். கடலலைக்கும் மறைக்கும் சீலைக்கும் அதே பெயர்தான். ஆனால் முகத்தின் திரை எதையும் மறைப்பதில்லை. வாழ்ந்த வாழ்வைக் காட்டுகிறது. மறைப்பதெல்லாம் மனத்தின் திரையே.

நேர்த்தியாக உடுத்துவது தவறென்று நான் சொல்லவில்லை. ஞாயிறு பூசைக்குச் சட்டையைத் தேய்த்து உடுத்தி வருகிறோம், நல்லதே. தம்பியோடு பேசாதிருக்கும் கோணலை, வியாபாரத்தில் ஒளித்துவைத்த தந்திரத்தை நிமிர்த்திவிட்டு வருகிறோமா? இந்த வாரம் அதை யோசியுங்கள். வீட்டிலிருக்கும் வயோதிகர் அருகே சற்றுநேரம் உட்கார்ந்து, அவர்கள் முகத்தை நன்றாகப் பாருங்கள்.

அந்தப் பேரன் வீட்டில் இப்போது சுவரில் தொங்குவது சுருக்கங்கள் நிறைந்த பழைய படந்தான்.