எடுத்துக்கொள்ளாதே, விட்டுவிடாதே

கோவையில் நண்பனின் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நாட்கள். அவன் மருந்து வாங்கப் போயிருந்தான். "அந்த அம்பத்தொண்ணாம் சங்கீதத்தைப் படிச்சுக் காட்டு கண்ணு"ன்னாங்க. எனக்குச் சங்கடம். எங்களுடையது சைவ வீடு. அம்மிச்சி பேரூர்க்காரர், திருவாசக முற்றோதலுக்குத் தவறாமல் போகிறவர். நான் நம்பாத பிரார்த்தனையை நம்புகிறவர் காதில் படித்தால் அது நடிப்பாகாதா?

படித்தேன். ஒரே இடத்தில் திணறினேன். உன் பரிசுத்த ஆவியை என்னிடமிருந்து எடுத்துவிடாதே என்று தாவீது கெஞ்சுகிற இடம்.

தமிழில் ஆவி என்றால் மூச்சு, உயிர், இட்லிப் பானையில் எழுவது, ராத்திரியில் பயமுறுத்துவது, எல்லாம்தான். எபிரேயத்தின் ரூவாக், கிரேக்கத்தின் நியூமா ரெண்டுக்கும் காற்று, மூச்சு என்ற பொருள் உண்டு. சொல் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பின்னால் இருக்கிற எண்ணம் பொருந்தவில்லை. சங்கீதத்தில் ஆவி கடவுளுடையது, கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். சைவ சித்தாந்தத்தில் உயிரை யாரும் படைக்கவில்லை, பதியைப் போலவே அதுவும் அநாதி. பரிசுத்த ஆவிக்கு இணை உயிரல்ல, திருவருள் என்று வைத்துக்கொண்டாலும், அந்த அருள் உயிரைப் பிரிவதே இல்லை. ஆணவம் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். சிவன் மறைந்து நிற்பதும் அருள்தான் என்பார்கள். எல்லா மதமும் ஒண்ணுதான்னு பேக்கரியில் டீ குடிச்சுக்கிட்டே சொல்லிவிடுவது சுலபம்.

ஆனால் திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம் இருக்கிறதே! ஐம்பது பாடல்கள். என்னைக் கைவிட்டுவிடாதே என்பதுதான் அத்தனையிலும். பிரியாத அருளிடம் எதற்கு இந்தக் கெஞ்சல்? சாத்திரம் கொடுக்கிற உறுதி பாடுகிறவருக்குப் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நடிப்பு என்றேனே, திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு.போப் கடைசிவரை பாதிரியார்தான். 1837இல் முதல் தமிழ்ப் பாடம். 1900இல், தன் 80ஆவது பிறந்தநாளன்று, முன்னுரைக்குத் தேதி போட்டார். சைவத்தோடு அவர் உடன்படாத இடங்கள் உண்டு. அதற்காக அவர் உழைப்பை யாரும் நடிப்பு என்று சொல்லிவிட முடியாது.

பைபிளைக் கடவுள் ஏவ, மனிதர் எழுதினார்கள் என்பது நம்பிக்கை. திருவாசகத்தின் கதை நேரெதிர்: மாணிக்கவாசகர் சொல்ல, தில்லைக் கூத்தன் முதியவர் வேடத்தில் வந்து ஓலையில் எழுதிக் கையெழுத்தும் போட்டான். இந்தக் கணக்கில் சங்கீதங்கள் இடிக்கின்றன. மனிதன் கடவுளிடம் அழுதது, கடவுளின் வார்த்தையாக அவர்கள் வேதத்துக்குள் இருக்கிறது.

நான் திணறியதை அவர் கவனித்திருந்தார்.

"உங்க சாமி எடுத்துக்க மாட்டாராக்கும்?"

"விட்டுப் போகவே மாட்டார்னு சொல்லுவாங்க."

"அப்பப் பயமே இல்லியா கண்ணு உங்களுக்கு?"

நீத்தல் விண்ணப்பம் ஓதும்போது அம்மிச்சி கண்ணைத் துடைத்துக்கொள்வதைச் சொன்னேன். "அதையும் படியேன்"ன்னாங்க. மொபைலில் தேடி எடுத்தேன். நண்பன் மருந்தோடு வருவதற்குள் பத்துப் பாட்டு ஆகியிருந்தது.