காய்க்குப் படாத புகை

ஏலக்காயின் பச்சை மங்காமல் காயவைப்பது மலைத்தோட்டத்து ஸ்டோர்களில் ஒரு தனிக் கைப்பக்குவம். அடுப்பில் விறகு எரியும். அதன் சூடு இரும்புக் குழாய்களின் வழியே அறையைச் சுற்றி வரும். புகை மட்டும் காயை நெருங்காமல் வெளியேறிவிடும். பட்டால் வாடை பிடிக்கும், நிறம் கெடும், மலையடிவாரத்துப் போடி ஏலத்தில் விலை இறங்கும். அதனால் இரவெல்லாம் ஓர் ஆள் விழித்திருந்து சூட்டைக் கவனிப்பார். கண் அசரும் நேரத்தில் பீடி பற்றவைக்கத் தோன்றினால் அவரும் வெளியே வந்துதான் பற்றவைக்க வேண்டும். சரக்கின்மேல் புகை படக்கூடாது என்பதில் அங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

மனித நெஞ்சுக்கு அந்த அக்கறையில் பாதிகூட வாய்க்கவில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவரை ஊர் இரண்டு விதமாகப் பார்க்கிறது. ஒன்று, "அவன் காசு, அவன் உடம்பு" என்று விட்டுவிடுகிறது. இல்லையென்றால், "மனசு வச்சா விடமாட்டானா?" என்று ஏசுகிறது. முதலாவதில் ஈரம் இல்லை. இரண்டாவதில் உண்மை இல்லை.

விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்புகின்றன. முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்களின் ஜீப்புகள். காய் எடுக்கப் பெண்கள். மருந்தடிக்கவும் உரம் வைக்கவும் ஆண்கள். மேலே ஏறியதும் டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ, ஒரு தம். கேட்டால் "குளிருக்கு" என்பார்கள். ஆனால் நிகோடின் தோலடியில் ஓடும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரல் நுனியின் சூடு ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது. புகையோடு சேர்ந்து போகும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஏற்றத்தில் மூச்சு இரைப்பது அதனால் கூடுகிறது. குளிருக்கென்று பிடித்தவர் முன்னைவிடக் குளிர்ந்த விரலோடு சரிவில் இறங்குகிறார். ஏமாற்றப்படுகிறவரைப் பார்த்து ஏசுவது என்ன நியாயம்?

விடுவது ஏன் இவ்வளவு கடினம் என்று தெரியாமல் இந்த நியாயத்தை எடைபோட முடியாது. இழுத்த பத்து வினாடிகளுக்குள் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே ஒரு சின்ன நிறைவைத் தருகிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிட, உடம்பு அடுத்ததைக் கேட்கத் தொடங்குகிறது. நாளுக்கு ஒரு கட்டு பீடி என்றால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தப் பாடம் மூளைக்கு நடத்தப்படுகிறது. டீ கிளாஸ், ஜீப் நிற்கும் வளைவு, மழை விட்ட நேரம், கூலி கைக்கு வந்த சனிக்கிழமை எல்லாமே அந்தப் பாடத்தின் பக்கங்கள். நிறுத்திய முதல் மூன்று நாட்கள் மிக மோசம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் பதியாமை, காரணமில்லாத கோபம். யாருடைய உதவியும் இல்லாமல் தானாக நிறுத்துகிறவர்களில் ஓராண்டு வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மீதிப் பேரெல்லாம் மனஉறுதி கெட்டவர்கள் என்று சொல்லத் துணிகிறவர், அவர்களில் பலர் முதுகில் மருந்து டாங்கியோடு நாளெல்லாம் செங்குத்துச் சரிவில் ஏறி இறங்குகிறவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2016–17இல் நாடு முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55 சதவீதத்தினர் விட்டுவிட எண்ணியிருப்பதாகச் சொன்னார்கள். நாள்தோறும் புகையிலை தொடத் தொடங்கும் சராசரி வயது 19ஐ ஒட்டி இருந்தது. விளைவு தெரியாத வயதில் கை நீட்டியதற்கு, தெரிந்த வயதில் விலை கொடுக்கிறார்கள். டீக்கடை வாசலில் நிற்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கே நிற்க விரும்பாதவர்கள் என்று கொண்டால், "அவன் விருப்பம்" என்ற வாதம் அங்கேயே உடைந்துபோகிறது.

இதனால் புகைப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகாது. "விட முடியல" என்பது உண்மை. அந்த உண்மை எதுவரை செல்லும் என்பதுதான் கேள்வி. மழைக்காலத்தில் ஜீப்பின் படுதாவை நாலு பக்கமும் இறக்கிவிட்டு, உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே ஒருவர் பற்றவைக்கிறார். விடுவதற்கு மருத்துவரும் மருந்தும் வேண்டியிருக்கலாம். வண்டி நிற்கும்வரை பொறுக்கவும், இறங்கிப் பத்தடி தள்ளி நிற்கவும் எதுவும் வேண்டாம். பொது இடத்தில் புகைப்பதை நாடு தழுவிய தடைக்கு முன்பே தடுத்தது, அந்த ஜீப் ஏறிப்போய் நுழையும் மாநிலத்தின் உயர் நீதிமன்றம்தான். 1999 ஜூலையில் கேரளத்தில் அந்தத் தீர்ப்பு வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை நடப்பில் இருக்கிறது. பேருந்தும் வாடகை வண்டியும் அதில் அடக்கம். அபராதம் 200 ரூபாய் வரை. ஆனால் பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் காப்பதற்குச் சட்டம் வரை போக வேண்டியதில்லை. அடிமைத்தனத்தை மன்னிக்கலாம். அடுத்தவர் நெஞ்சில் புகையை இறக்குவதை அதே கணக்கில் மன்னிக்க முடியாது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஒற்றை அறையில் இது இன்னும் கனமான விஷயம். 1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் சாவுகளை டாக்டர் வேந்தன் கஜலட்சுமி குழுவினர் ஆராய்ந்து, 2003இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். புகைப்பவர்கள் காசநோயால் சாவது மற்றவர்களைப் போல நாலு மடங்குக்கும் மேல் என்று அதில் தெரிந்தது. ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகை ஒரு காரணம் என்றும் கண்டார்கள். காசநோய் ஒருவரோடு நிற்பதில்லை; ஒரே அறையில் படுக்கும் பிள்ளைக்கும் போகும். "என் உடம்பு" என்று சொல்வதற்கு அந்த அறையில் இடம் போதாது.

"என் காசு" என்ற வாதத்துக்கு இழந்த ஒரு கால் பதில் சொல்லிவிடும். பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. புகையிலைக்கு அடிமையான, பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு வருவது. கை கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் அடைபடும். முதலில் நடந்தால் கெண்டைக்கால் அல்லது பாதம் வலிக்கும், நின்றால் தணியும். பிறகு விரல் நுனி கருக்கும், ஆறாத புண் வரும், இரவில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தே விடியவைக்க வேண்டியிருக்கும். புகையை அடியோடு நிறுத்தினால் நோய் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. நிறுத்தாவிட்டால் விரல், பாதம், முழங்காலுக்குக் கீழ் என்று வெட்டிக்கொண்டே போக நேரும். சமவெளியில் கால் போனவர் உட்கார்ந்து செய்ய ஒரு வேலை தேடலாம். ஏலச்சரிவில் கால் போனால் வீட்டின் கூலியே போயிற்று. அதன்பின் குடும்பத்துக்குச் சோறு போடுவது காய் எடுக்கப் போகும் மனைவியின் விரல்கள்தான்.

பெட்டிக்கடைக்காரரையும் இந்தத் தராசில் வைத்தாக வேண்டும். 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொள்கிறது. உதிரியாக ஒன்று வாங்குபவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. கூலிக்காரரும் பள்ளிப் பையனும் உதிரியாகத்தான் வாங்குகிறார்கள். மகாராஷ்டிரம் 2020இல் உதிரி விற்பனையைத் தடைசெய்தது. சில ரூபாய் லாபத்தில் பிழைக்கும் கடைக்காரரிடம் வியாபாரத்தையே விடச் சொல்வது எளிதில்லை. உதிரி விற்பனையைத் தடுக்கும் வேலையை அரசு செய்ய வேண்டும். 18 வயது ஆகாத பையனுக்கு "இல்லை" என்று சொல்வது மட்டும் அவர் கையில் இருக்கிறது. அதைச் சொல்லாதவருக்கு வறுமையைச் சாக்காகத் தர முடியாது.

தோட்டத்து முதலாளிகளின் கடமை இதைவிடப் பெரிது. காய்க்குப் புகை படாமலிருக்க இரவுக்கு ஓர் ஆளை உட்காரவைக்க முடிந்தவர்கள், புகையை விட நினைக்கும் ஆளுக்குக் கூலியோடு ஒரு நாள் விடுப்பு கொடுத்து, தேனிக்குப் பக்கத்தில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கலாம். நிகோடின் சூயிங்கம் வாங்கித் தரலாம். மருத்துவரின் பேச்சும் மருந்தும் சேரும்போது வெல்லும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது.

வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. வாடை தெரியாமலிருக்க இரண்டு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு வாசற்படி ஏறுகிறவரைத் தோண்டித் துருவினால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பார். ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும்; அந்த நிமிடங்களைக் கடக்க அதே ஏலக்காயை மெல்லக் கொடுக்கலாம். முதல் மூன்று நாள் அவர் காட்டும் கோபத்தைப் பொறுத்துப்போகலாம். இரண்டாம் முறை, ஐந்தாம் முறை தவறினாலும் திரும்பத் தொடங்க இடம் கொடுக்கலாம். பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, புகைப்பவர்களின் ஆயுளில் சராசரியாகப் பத்தாண்டு குறைவதைக் கண்டது. 40 வயதில் விட்டவர்களுக்கு அதில் ஒன்பது ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. 60 வயதில் விட்டவர்களுக்கும் மூன்று ஆண்டுகள் கிடைத்தன.

விட நினைப்பவர்களுக்காக மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது: 1800-11-2356. தமிழிலும் பேசலாம். 2018 முதல் அதைப் பாக்கெட்டில் அச்சிட்டுவருகிறார்கள். உதிரி வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை. போடியில் ஜீப் ஏறும் இடத்து டீக்கடைச் சுவரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.