விழா முடிந்த மறுநாள்



தசலக்ஷண பர்வத்தின் பத்து நாள்களும் நிறைவெய்தின. ஐப்பசி அமாவாசை வைகறையில் பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாளாகிய தீபாவளியும் விளக்கேற்றி வணங்கப்பெற்றது. விடுமுறைக்கு வந்த மக்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். ஆலயத்தில் அபிஷேக ஆராதனைகளின் ஒலி அடங்கிற்று. இனி வருவன வெறும் நாள்கள் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை இங்கே சற்றுச் சிந்திப்போம்.

பகவான் முக்தியடைந்த அந்நாளில் அவர்தம் தலைமைச் சீடராகிய கௌதம கணதரர் யாது செய்தார்? ஆசானின் பிரிவை எண்ணி அவர் சோர்ந்திருக்கவில்லை. அன்று மாலையிலேயே கேவலஞானம் எய்தினார். அதன்பின் பன்னீராண்டுகள் அறம் உரைத்தார். ஆதலின் தீபாவளி ஒரு முடிவின் நாளாக இருப்பதோடு ஒரு தொடக்கத்தின் நாளாகவும் விளங்குகின்றது. விழாவின் பயன் விழா முடிந்த மறுநாளில்தான் விளங்கும். பத்து நாள் இரவுணவு துறந்தவன் பதினோராம் நாள் எந்நேரத்தில் உண்கின்றான் என்பதே அவன் நோன்பின் உரைகல்.

தருமபுரி மாவட்டத்து மொரப்பூர் நம்மில் பலர் அறிந்த ஊர். சோலையார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இரயில் பாதையில் உள்ளது. 1906-ஆம் ஆண்டில் இவ்வூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய இரயில் பாதை திறக்கப்பட்டது. 1913-இல் அது ஒசூர் வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. போர் 1945-இல் முடிந்தது. எடுத்த பாதையோ திரும்பவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே, 2016-இல், மொரப்பூர் - தருமபுரி புதிய பாதைக்கு ஒப்புதல் கிட்டி, 2019-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. பழைய தடத்தில் வீடுகளும் வயல்களும் சாலைகளும் வந்தபின் நிலம் எடுப்பதே பெரும்பாடு ஆயிற்று.

நல்லொழுக்கமும் இத்தகையதே. பெயர்த்தெடுக்கச் சில நாள்கள் போதும். மீண்டும் இடுவதற்கு ஒரு தலைமுறையும் போதாது. காலியான இடத்தில் வேறொன்று வந்து குடியேறிவிடும். பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் ஓர் இல்லத்திலிருந்து நீங்கினால், அவ்விடத்தில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இரவுச் சிற்றுண்டியும் வந்து அமர்கின்றன. பின்பு அவற்றை எழுப்புவது எளிதன்று.

மொரப்பூர் போன்றதோர் ஊரில் பணியின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ தனித்து வாழ நேரும் ஒரு தமிழ்ச் சமணக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் சென்று வணங்க அருகில் ஜினாலயம் இல்லை. சேர்ந்து சமாயிகம் செய்ய அண்டை வீட்டார் இல்லை. பிள்ளைகளுக்கு அறநூல் கற்பிக்கும் பாடசாலையும் இல்லை. அக்குடும்பத்திற்கு அறத்தின் இருப்பிடமாக எஞ்சியிருப்பது யாது? அடுக்களை ஒன்றே. வடிகட்டிய நீரும், வேளையில் உண்ணும் உணவும், உயிர்க்கொலை நீங்கிய உலையுமே அவ்வீட்டுப் பிள்ளைகள் காணும் ஜினதர்மம். அதுவும் மறைந்தால், பெயரளவில் நயினார் என்பதன்றி வேறொன்றும் அவர்க்கு மிஞ்சாது. எனவேதான் வீட்டுச் சமையலைப் பற்றி அறவுரையில் பேச வேண்டியதாகின்றது.

இந்நாளில் விடுமுறை முடிந்ததும் புதியதொரு கலையையோ பொழுதுபோக்கையோ கைக்கொள்ளும் ஆர்வம் இளையோரிடம் மிகுந்துள்ளது. கைப்பேசித் திரையில் கண்டு புதுப்புதுப் பண்டங்கள் செய்யவும் விழைகின்றனர். இவ்வார்வத்தைக் கடிவது தகாது. பயனற்ற செயலில் மனம் திரிவதைப் பிரமாதம் என்றும், வீணே விளையும் தீங்கை அநர்த்த தண்டம் என்றும் ஆன்றோர் வகுத்தனர். கையும் மனமும் நற்செயலில் ஈடுபட்டிருக்குமாயின் அவ்விரண்டிற்கும் இடமில்லை. ஆதலின் ஆர்வத்தை நெறிப்படுத்துவதே மூத்தோர் கடன்.

முதலில் உணவைக் காண்போம். தருமபுரிச் சீமை கேழ்வரகிற்கும் சாமைக்கும் பெயர்பெற்றது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் வியந்து நோக்கிய தானியங்கள், நம் பாட்டியர் நாள்தோறும் புடைத்துத் தூற்றியவையே. கேழ்வரகு எளிதில் பூச்சி பிடிப்பதில்லை. ஆதலால் நெடுநாள் வைத்துப் பேண ஏற்றது. ஆயின் அரைத்த மாவிற்கு நம் பெரியோர் கால எல்லை வகுத்துள்ளனர்: மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், பனிக்காலத்தில் 7 நாள். ஈரம் மிகுந்த காலத்தில் மாவில் நுண்ணுயிர்கள் விரைந்து தோன்றும் என்பதை அறிந்தே இவ்வெல்லை வகுத்தனர். வேண்டும் அளவு மட்டும் அரைத்துக்கொள்வது அகிம்சையும் ஆகும், உடல்நலமும் ஆகும்.

கேழ்வரகுக் களிக்கு அவரைக்காய்க் குழம்பும், சாமைச் சோற்றிற்கு மிளகு சீரகம் இட்ட சாறும் போதும். வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் இன்றிச் சுவை வாராது என்று சொல்வோர், பெருங்காயமும் கறிவேப்பிலையும் இட்ட தாளிப்பின் மணத்தை மறந்தவர் ஆவர். கிழங்கு ஒன்றில் எண்ணிறந்த உயிர்கள் உறைகின்றன என்பதும், அதனை அகழுங்கால் மண்ணுயிர்களும் மடிகின்றன என்பதும் நாம் அவற்றை விலக்குவதற்குக் காரணங்கள். காரணத்தைச் சொல்லாமல் விலக்கை மட்டும் விதித்தால், பிள்ளைகள் வெளியூர் விடுதிக்குச் சென்ற முதல் வாரத்திலேயே அதனைக் கைவிடுவர். காரணம் அறிந்தவனோ எங்கிருந்தாலும் தானே விலக்குவான்.

புதிய பண்டங்கள் செய்வோர் அறிய வேண்டுவன சில உள. கடைப் பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி, அதனுள் புலாலும் முட்டையும் இல்லை என்பதைக் காட்டும். அதில் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லை என்று அப்புள்ளி உறுதி கூறாது. எனவே சேர்பொருள்களின் பட்டியலைப் படித்தறிதல் வேண்டும். ஜெலட்டின் என்னும் பொருள் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. அது சேர்ந்த இனிப்புகள் நமக்கு ஆகா. கேக்கின் மீதும் பிஸ்கட்டிலும் கோழி, மீன், முயல் வடிவங்களைச் செய்து, அதனை வெட்டியும் கடித்தும் உண்பது விளையாட்டாகத் தோன்றலாம். தாயின் சொற்கு இணங்கி மாவினாற் செய்த கோழியைப் பலியிட்ட யசோதர மன்னனும் அவன் தாயும் பற்பல விலங்குப் பிறவிகளில் உழன்ற வரலாற்றை நம் காப்பியம் உரைக்கின்றது. அங்கே இறந்த உயிர் ஒன்றும் இல்லை. கொல்லும் எண்ணம் இருந்தது. எண்ணத்தால் விளையும் ஹிம்சையைக் குழந்தைகளுக்கு விளக்க இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. அவ்விடத்தே பூவும் இலையும் கோலமும் வரைந்து மகிழலாமே!

அடுத்து ஒன்று கூற வேண்டும். இவ்வறம் அனைத்தும் இல்லத்துப் பெண்மக்கள் தோளிலேயே சுமத்தப்பட்டுள்ளது. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணியளவிலேயே கதிரவன் மறைகின்றான். மறைவதற்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே உண்டு முடித்தல் சிறந்தது என்பர். பள்ளியிலும் அலுவலகத்திலும் பணி செய்து ஐந்து மணிக்கு மேல் வீடு திரும்பும் ஒரு ஸ்ராவகி தனித்து நின்று எங்ஙனம் இதனைச் செய்ய இயலும்? கணவனும் மகனும் கூடத்தில் அமர்ந்து, "நம் வீட்டில் நியமம் போயிற்று" என்று வருந்துவது முறையன்று. விரதம் ஆடவர்க்கும் உரியதாயின் அடுப்பும் அவர்க்கு உரியதே. ஆடவர் இவ்வாண்டு கைக்கொள்ளத்தக்க புதிய கலை யாதெனில், சமையற்கலை என்றே கூறுவோம். காலையிலேயே காய் நறுக்கித் தருதலும், நீர் வடிகட்டி வைத்தலும், பகலில் ஓய்வுள்ளவர் உலையேற்றுதலும் பழகிவிட்டால், கதிரவன் மறையுமுன் குடும்பம் ஒருங்கே அமர்ந்து உண்ணும். அலுவலில் இருப்போர் மாலையுணவை உடன் எடுத்துச் சென்று வேளையில் உண்ணலாம். வழி இல்லாமையினும் மனம் இல்லாமையே பெரிய தடை.

பொழுதுபோக்கினையும் அறமாக்க வழி உண்டு. ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்று தானம் நால்வகைப்படும். நம் ஓய்வுநேரத்தை இந்நான்கனுள் ஒன்றோடு பிணைத்துக்கொள்வோமாயின் அது வீணாகாது. சமைக்கக் கற்பவர் தாம் சமைத்ததில் ஒரு பங்கைப் பசித்தவர்க்கு அளிப்பாராயின் அது ஆகார தானம். கொல்லையில் துளசியும் தூதுவளையும் வளர்த்து வேண்டுவோர்க்கு ஈவாராயின் ஔடத தானம். காயமுற்ற பறவைக்கும் நாய்க்கும் நீரும் நிழலும் தருவாராயின் அபய தானம். ஏடு படித்தலும் படியெடுத்தலும் சாஸ்திர தானம்.

இந்நான்காவதன் பெருமையை உலகறியும். கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் சீவக சிந்தாமணியை ஓதிப் பொருள் கூறும் வழக்கம் நிலவி வந்தது. பாடம் கேட்க வந்த உ.வே. சாமிநாதையருக்கு அவ்விளக்கங்கள் பெருந்துணையாயின. 1887-இல் அக்காப்பியம் அச்சேறியது. இல்லத்தார் ஓய்வுநேரத்தில் பேணிய பழக்கம் ஒரு பெருங்காப்பியத்தைத் தமிழுக்கு மீட்டுத் தந்தது. நம் வீட்டுப் பரணில் பாட்டனார் கைப்பட எழுதிய தோத்திர ஏடோ நோட்டுப்புத்தகமோ இருக்குமாயின், அதனை எடுத்துத் தூசு தட்டி, பிள்ளைகளைக் கொண்டு படியெடுக்கச் செய்வோம். பாட்டியார் சொல்லும் உணவு நியமங்களையும் பக்குவங்களையும் அந்நோட்டிலேயே எழுதி வைப்போம். அவை எந்நூலிலும் இரா, அவரோடு மறையக்கூடியவை.

தகடூர் நாட்டிற்கு இத்தகைய புதுப்பித்தல் புதிதன்று. தகடூரே இன்றைய தருமபுரி. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கல்வெட்டு இங்கிருந்த சமணப் பள்ளிக்கு அளித்த கொடையைக் கூறுகின்றது. தகடூர் அதியமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள், முன்னாளில் எழினி என்பான் போளூரை அடுத்த திருமலையில் நிறுவிய இயக்கன், இயக்கி திருவுருவங்களைப் புதுப்பித்தான். முன்னோர் நிறுவியது சிதைந்தபோது அவன், காலம் மாறிற்று என்று கூறி வாளாவிருக்கவில்லை. சிதைந்ததை எடுத்துச் செப்பம் செய்தான். அதுவே அவன் பெயரை இன்றளவும் கல்லில் நிறுத்தியிருக்கின்றது. நாமும் நம் அடுக்களையைப் புதுப்பிப்போம்.

எங்ஙனம் தொடங்குவது? வாழ்நாள் முழுதும் கொள்ளும் விரதத்தை யமம் என்றும், கால எல்லை வகுத்துக் கொள்ளும் விரதத்தை நியமம் என்றும் சமந்தபத்திர ஆசாரியர் பகுத்துக் காட்டினார். பெரியதை ஏற்று இடையில் முறிப்பதினும் சிறியதை ஏற்று நிறைவேற்றுதல் நன்று. இன்று தொடங்கிப் பொங்கல் வரையில் ஒரு நியமம் கொள்வோம். வாரத்தில் இரண்டு நாளேனும் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து சமைத்து, கதிரவன் மறையுமுன் சேர்ந்து உண்போம். உண்டபின் அரை நாழிகை ஒருவர் படிக்க மற்றவர் கேட்போம். பொங்கலன்று அதனை மகாவீரர் ஜயந்தி வரையில் நீட்டிப்போம். அதற்குள் இரண்டு நாள் நான்காகியிருக்கும். பிள்ளைகளே நேரத்தை நினைவூட்டுவர்.

தண்டவாளம் ஒவ்வொரு கட்டையாகவே இடப்படுகின்றது. நாம் இடும் முதற்கட்டை, நாளை மாலையில் வேளையோடு வைக்கும் உலையாகட்டும்.

வாழ்க அறம்! வளர்க அருள்!