இத்தனை நாள் இருந்தவர்

மாமா கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு 60 நாள் ஆகியிருந்தது. ஒரு மண்டலம், 48 நாள் தாண்டிவிட்டால் குடி உடம்பைவிட்டு இறங்கிவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். 48 முடிந்த அன்று அத்தை பாயசம் வைத்தார். அதற்கப்புறம் யாரும் அவர் சட்டைப்பையைத் துழாவவில்லை. ஒரு சாயங்காலம் பழைய ஒயின்ஷாப் இருக்கும் தெரு வழியாகத் திரும்பியவர், ராத்திரி வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் நான்தான் கேட்டேன். "இத்தனை நாள் இருந்தீங்கள்ல மாமா, நேத்து ஒரு நாள் இருக்க முடியலையா?" அவர் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நாள்தான் கஷ்டம், போகப்போக லேசு. அதனால் தாமதமாக விழுகிறவனுக்குத் தப்பும் அதிகம். இந்தக் கணக்கே சரியில்லையோ என்ற சந்தேகம் ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தபோது வந்தது.

2001இல் நேச்சர் இதழில் வந்தது அது. நெம்புகோலை அழுத்தினால் கொகெய்ன், கூடவே ஒரு விளக்கும் ஒலியும் என்று பழகிய எலிகள். பிறகு கொகெய்னை நிறுத்திவிடுகிறார்கள். விளக்குக்காக மட்டும் எலி எத்தனை முறை அழுத்துகிறது? நிறுத்திய மறுநாளைவிட, 2 மாதம் கழித்து அதிகம். ஏக்கம் தணியவில்லை, வளர்ந்திருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அடைகாத்தல்'.

காரணத்தில் ஒரு துண்டு 2008இல் கிடைத்தது. நாம் எதற்கெடுத்தாலும் டோபமைன்மேல் பழி போடுவோம், ரீல்ஸ் பார்ப்பதற்குக்கூட. இங்கே விஷயம் குளூட்டமேட். மூளை செல்கள் ஒன்றையொன்று உசுப்பப் பயன்படுத்தும் முக்கியமான வேதிப்பொருள். (அஜினமோட்டோவில் இருப்பதும் இதுதான். ஃப்ரைட் ரைஸ் வழியாக மூளைக்குள் பெரிதாகப் போய்விடாது, பயப்படாதீர்கள்.) வாரக்கணக்கில் கொகெய்ன் இல்லாமல் இருந்த எலிகளில், நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில், குளூட்டமேட்டைப் பிடிக்கும் ஏற்பிகளில் வேறு வகை ஒன்று சேர்ந்திருந்தது. கால்சியத்தையும் உள்ளே விடுகிற வகை. அது சேர்ந்தபின் அதே சமிக்ஞைக்கு செல் இன்னும் பலமாகப் பதில் தருகிறது. அந்த ஏற்பியை அடைத்தபோது எலியின் தேடலும் குறைந்தது.

எலி வேறு, கொகெய்ன் வேறு. மாமா குடித்தது பிராந்தி. அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் குடியிலும் குளூட்டமேட்டுக்குப் பங்கு உண்டு. திடீரென நிறுத்துகிறவர்களுக்குக் கை நடுங்குவதிலும் வலிப்பு வருவதிலும் அதன் கை இருக்கிறது.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப அவரு பண்ணதுக்கு அவரு பொறுப்பில்லையாப்பா?" என்றார். அவருடைய தாலிச் செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை.

விழுந்ததை குளூட்டமேட் கணக்கில் எழுதிவிடலாம். விழாமல் இருந்த 60 நாளை யார் கணக்கில் எழுதுவது? ஏக்கம் அவருக்கும் நாளுக்கு நாள் கூடியிருந்தால், 59ஆம் நாள்தான் அவர் அதிகம் மல்லுக்கட்டிய நாள். அன்றைக்கு அவரை யாரும் கவனிக்கவேயில்லை. பாயசம் குடித்துவிட்டு, விஷயம் முடிந்தது என்று இருந்தோம்.

போன வாரம் மாமா திரும்பவும் கயிறு கட்டியிருக்கிறார். சாயங்காலம் வேலை விட்டதும் நான் வண்டியில் போய்க் கூட்டிவருகிறேன். அந்தத் தெருவை விட்டுவிட்டு வந்தால் கொஞ்சம் சுற்று. "ஏன் மாப்ள இந்தப் பக்கம்?" என்று முதல் நாள் கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.