பெயர் போன படங்கள்

‘உங்கள் படங்கள் பத்திரமாக இருக்கின்றன.’ கணிப்பொறியில் புகைப்படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருள், ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு திறந்த மாத்திரத்தில் மூடிக்கொள்ள ஆரம்பித்தால், உதவி கேட்டுப் போகிறவனுக்கு முதலில் கிடைக்கும் ஆறுதல் இந்த வாக்கியம்தான். அடுத்த வரியிலேயே மருந்தும் தயாராக இருக்கும்: பழைய பட்டியல் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். ஆறுதலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது. புகைப்படம் என்பது பிம்பம், பிம்பம் மிஞ்சினால் எல்லாம் மிஞ்சியது என்கிற தத்துவம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

இத்தகைய மென்பொருள்களில் பெரும்பாலானவை படங்களைத் தம்முள் வைத்துக்கொள்வதில்லை. படங்கள் வேறு எங்கோ உறையில் கிடக்கின்றன. மென்பொருள் வைத்துக்கொள்வது, இதில் இருப்பவர் யார், எந்த வீட்டு விசேஷம், எந்த வருஷம் என்று நாம் உட்கார்ந்து சொன்ன சேதிகளை. அவை தனியாக ஒரு கோப்பில் இருக்கும். புதுப்பித்தல் அந்தக் கோப்பின் கட்டமைப்பை மாற்ற முயல்கிறது. பழுதான ஒரு பதிவில் தடுக்கி விழுகிறது. மறுபடி திறந்தால் மறுபடி அதே இடத்தில் விழுகிறது. வங்கிக் குமாஸ்தாவுக்கு இது விளங்காத விஷயமல்ல. பணம் பெட்டகத்தில் இருக்கிறது, அது யாருடைய பணம் என்பது பேரேட்டில் இருக்கிறது. பேரேடு எரிந்துபோன கிளையின் வாசலில் மானேஜர் வந்து நின்று ‘பணம் பத்திரம்’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் 2014 முதல் ரிசர்வ் வங்கியின் தனி நிதி ஒன்றுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் போட்டவரின் பெயரை வங்கி துடைத்துவிட முடியாது. வாரிசு எப்போது வந்தாலும் கேட்கலாம். காசு இடம் மாறலாம், பெயர் மாறக்கூடாது என்பது இதன் சாரம்.

2020 ஆகஸ்டில் அடோபி நிறுவனத்தின் லைட்ரூம், ஐபோனுக்கான 5.4ஆம் பதிப்பில், இணையச் சேமிப்புக்குப் போய்ச் சேராத படங்களை அழித்துவிட்டது. அவற்றை மீட்க வழியில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. உலகம் முழுக்க அது செய்தியாயிற்று. படம் போனால் செய்தி. பெயர் போனால் யாரும் எழுதுவதில்லை.

நம் விமர்சகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. புகைப்படம் பற்றி யோசிக்கிறவர்கள் பிம்பத்தோடேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். ரோலான் பார்த் 1980இல் வெளியிட்ட ‘காமிரா லூசிடா’வின் மையம் அவருடைய தாயாரின் ஐந்து வயதுப் படம், அந்தப் படத்தை அவர் புத்தகத்தில் சேர்க்கவில்லை. இதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாயிற்று. எனக்குப் படுவது எளிய விஷயம்தான். அந்தப் பிம்பம் இல்லாமலேயே அது நமக்கு ஒரு படமாக இருக்கிறது, இன்னார் என்று சொல்ல ஒரு மகன் இருந்தான் என்பதால். அதே படம் பாரிஸின் பழைய சாமான் கடையில் பெயரில்லாமல் கிடந்தால் யாரோ ஒரு குழந்தை. காமிரா செய்வது யந்திரத்தின் காரியம். ‘இது எங்கம்மா’ என்பதுதான் மனிதக் காரியம்.

பிம்பம் அழிந்து பெயர் மட்டும் மிஞ்சுவதைப் பார்க்க நாம் பாரிஸ் போகவேண்டியதில்லை. கொற்கையில் கடல் இல்லை. கிழக்கே சில கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. துறைமுகத்தின் தோற்றம் எதுவும் கண்ணுக்குக் கிடைக்காது. ஆனால் அக்கசாலை என்ற பெயர் இருக்கிறது. நாணயமும் பொன்னும் அடித்த இடம் என்று அர்த்தம். பட்டறை போய்விட்டது, பெயர் ஒரு கோயிலைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. கிரேக்கர்கள் கொல்கோய் என்று எழுதிவைத்த முத்துத்துறை இதுதான் என்று கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் அடையாளம் கண்டதற்குப் பிடிமானம் பெயரின் ஒலிதான். தோண்டியதெல்லாம் அதற்குப் பிறகு. தோண்டும்போதும் இதே நியதிதான். 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சொல்கிறதென்றால், எந்தக் குழியில் எந்த ஆழத்தில் எடுத்தது என்ற சீட்டு அதோடு இருந்ததால் சொல்கிறது. சீட்டுப் போனால் அது அடுப்புக்கரி.

கொற்கைப் பக்கத்தில் எனக்கு ஒரு நண்பர். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தை மூழ்கடித்தபோது அவர் வீட்டு ஆல்பங்களும் நனைந்தன. படத்தின் பின்பக்கத்து மை கரைந்துபோயிற்று. எஞ்சியதையெல்லாம் காயவைத்து ஸ்கேன் செய்தார். 2024 முழுக்கச் சாயங்காலங்களில் அவருடைய ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பெயர் சொன்னாள். “இவனத் தெரியலியா? பெரிய மைனிக்குத் தம்பில்லா, சிலோனுக்குப் போனவன்.” அடுத்த வருஷம் ஆச்சி இறந்துபோனாள். சில மாதங்கள் கழித்து ஒரு ராத்திரி மென்பொருள் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் திறக்கவில்லை.

செய்த வைத்தியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் எதையும் அழிக்கவில்லை. பழுதான பட்டியல் கோப்பை அப்படியே வேறொரு தட்டில் நகலெடுத்தோம். மென்பொருள் தானாக எடுத்துவைத்திருந்த பழைய நகல் ஒன்று கிடைத்தது. வேறொரு கணிப்பொறியில் முந்தைய பதிப்பை நிறுவி அதைத் திறந்தோம். திறந்ததும் செய்த முதல் காரியம், பெயர்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதச் சொன்னது. 2001இல் உருவாகி 2012இல் சர்வதேசத் தரமான எக்ஸ்எம்பி என்ற முறை இதற்காகவே இருக்கிறது. பல மென்பொருள்களில் அந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவதன் இன்றைய வடிவம் இது. நகலுக்குப் பிறகு ஆச்சி சொன்னவற்றைப் பழுதான கோப்பைப் பிரித்து அட்டவணை அட்டவணையாகப் படித்து எடுத்தோம். 214 முகங்களுக்குப் பெயர் திரும்பவில்லை.

இங்கேதான் உண்மையான பிரச்னை தலைகாட்டியது. ஒருவழியாகத் திறந்துகொண்ட புதிய பதிப்பு, அந்த 214க்கும் தானே பெயர் சொல்ல முன்வந்தது. ‘இவர் இன்னாரா?’ என்று கேட்கும்; ஆம் என்று அமுக்கினால் போதும். “அமுக்கிருவமா அண்ணாச்சி? ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்” என்றார் நண்பர். முதல் பத்தில் மூன்று, சிலோனுக்குப் போனவரையும் போகாத அவர் அண்ணனையும் ஒரே ஆளாக்கியிருந்தன. அச்சு ஒன்றுதானே. ஆச்சி முகஜாடையைப் பார்த்துச் சொன்னவளல்ல. “அந்தக் கல்யாணத்துக்கு இவன் வரல, சண்ட போட்டுட்டு இருந்தான்; அதனால இது மூத்தவன்” என்பது அவள் முறை. வேட்டிக் கரை, யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குச் சாட்சியம். யந்திரம் ஒப்புமையைக் கண்டுபிடிக்கிறது. அவள் சொன்னது ஒரு குடும்பத்தின் சரித்திரம். இரண்டும் ஒரே கட்டத்துக்குள் ஒரே எழுத்தில் பதிவாகிவிட்டால், எது அவள் வாக்கு, எது ஊகம் என்று நாளைக்குப் பிரித்தெடுக்க முடியாது. வெற்றிடத்தையாவது ஒருவன் வெற்றிடம் என்று அறிந்துகொள்வான். ஊகத்தை அவள் பெயரில் வரவு வைப்பது போலிக் கையெழுத்துக்குச் சமானம் என்றேன். நண்பருக்குக் கொஞ்சம் வருத்தந்தான். பேரப்பிள்ளைகள் கேட்டால் ஏதோ ஒரு பெயராவது இருக்கட்டுமே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை.

214 படங்களையும் காகிதத்தில் அச்சடித்துத் திருச்செந்தூரில் இருக்கும் ஆச்சியின் தங்கையிடம் எடுத்துப்போனார். பதினோரு பெயர் கிடைத்தது. கூடவே, பெயர் திரும்பிய படங்களில் இரண்டில் அக்காள் சொன்னதே தப்பு என்று சாதித்தாளாம். இரண்டு பெயரையும், யார் சொன்னது என்பதையும் சேர்த்துப் படத்துக்குள் எழுதியிருக்கிறார்.