நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லு

ஒருவன் நம்மிடம் "அம்மாகிட்ட சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டால், நாம் யாருக்குக் கடமைப்பட்டவர்கள்? கேட்டவனுக்கா, அந்த அம்மாவுக்கா? பள்ளியில் வாய்மை அதிகாரத்தை மனப்பாடம் செய்த காலத்தில் எனக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு வாரக் கடைசியில் சிங்கப்பூர் போய் வந்தேன். அப்போதிருந்து விடாமல் துரத்துகிறது.

நான் ஸ்கூடாயில் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு பண்டார் தெங்காரா. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1972-ல் அமைக்கப்பட்ட கெஜோரா என்ற மேம்பாட்டு வாரியம் ஜொகூரின் தென்கிழக்கில் உருவாக்கிய ஊர்களில் ஒன்று. நாலு பக்கமும் செம்பனை. எங்கள் பையன்களில் பலர் பள்ளி முடித்ததும் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது யாரைப் போகாதே என்று சொல்வது?

என் பள்ளித் தோழனும் அப்படிப் போனவன்தான். பெயர் வேண்டாம். அப்பா தவறி அப்போது ஒரு வருஷம் ஆகவில்லை. தங்கச்சி படிவம் ஐந்து. அம்மாவுக்கு ரத்த அழுத்தம். அவன் அனுப்பும் பணத்தில்தான் வீடு ஓடுகிறது.

முன்பெல்லாம் இப்படித் தங்கிவிட்டு வருவது சிரமம். 2014 முதல் ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை. அங்கே சனி, ஞாயிறு. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சனிக்கிழமைதான் மிஞ்சும். 2025 ஜனவரி முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியதால் ஒரு ராத்திரி தங்க முடிந்தது. கிளம்பும்போது அவன் அம்மா ஒரு மைலோ டின் நிறைய முறுக்கு கொடுத்தார். "அவன் கையில கொடு தம்பி. எப்படி இருக்கான்னு நல்லா பார்த்துட்டு வந்து சொல்லு."

ஊட்லண்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அறையைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறான். சந்தித்ததிலிருந்து இடது கை ஜாக்கெட் பாக்கெட்டிலேயே இருந்தது. ஏர்கோன் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அறைக்குப் போய் டின்னைத் திறக்கும்போதுதான் பார்த்தேன். டின்னை இரண்டு முட்டிக்கு நடுவில் இடுக்கி, வலது கையால் கரண்டியை விட்டு மூடியை நெம்பினான். 

"என்னடா கை?"

"ஒண்ணுமில்ல. மெஷின்ல லேசா மாட்டிக்கிச்சு."

லேசாக இல்லை. நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் நசுங்கித் தையல் போட்டிருந்தது. நடந்து ஐந்து வாரம். வீட்டுக்கு வீடியோ கால் போடும்போது அந்தப் பக்கத்தைக் கேமராவில் காட்டாமல் சமாளித்திருக்கிறான். "அம்மா கேட்டா நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லு மச்சான். பிரஷர் ஏறிடும். அப்பா போன மாதிரி இவங்களும் போயிட்டா?" 

நான் உடனே "சரிடா" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலையில் சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். கை கூப்பியபோது அந்த இரண்டு விரலும் மற்ற கையோடு ஒட்டவில்லை. அவன் கண்ணை மூடியிருந்தான். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மனிடம் என்ன வேண்டினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

திரும்பும் வழியில் பாலத்தில் நெரிசல். 1924-ல் திறக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர் சொச்சத்தைக் கடக்க ஞாயிறு மாலையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

முதலில் எனக்குச் சாதகமாகத்தான் யோசித்தேன். வாய்மை அதிகாரத்தின் முதல் குறள், யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறது. அடுத்தது இன்னும் ஒரு படி போய், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது. அப்புறம் என்ன, வள்ளுவரே அனுமதி கொடுத்துவிட்டார்! ஆனால் அந்தக் "குற்றமற்ற" என்ற சொல் விடவில்லை. நன்மை என்றால் யாருக்கு? அந்த அம்மா அழுவதைப் பார்க்காமல் தப்பிப்பது எனக்கு நன்மை. அம்மாவின் அழுகையை போனில் கேட்காமல் இருப்பது அவனுக்கு நன்மை. பொய்யை வாங்கிக்கொள்ளப் போகிற அம்மாவுக்கு என்ன? நாம் "அவங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்லும் பொய்களில் எத்தனை நம் வசதிக்காகச் சொன்னவை? எண்ணிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

தருமர் போர்க்களத்தில் அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை மட்டும் அடங்கிய குரலில் சொன்ன கதை நமக்குத் தெரியும். அதுவரை தரையில் படாமல் நாலு விரற்கடை மேலே ஓடிய அவர் தேர் அப்போது மண்ணில் இறங்கியதாம். சமயவகுப்பில் கேட்டபோது, இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று தோன்றியது. "நல்லா இருக்கான்" என்பதும் அப்படித்தான். உயிரோடு இருக்கிறான், வேலையில் இருக்கிறான், சாப்பிடுகிறான். ஒவ்வொன்றும் உண்மை. எல்லாவற்றையும் சேர்த்தால் பொய்.

எங்கள் துறையில் கான்கிரீட் கட்டியை ஏழாம் நாள் நசுக்கிப் பார்ப்போம். 28-ஆம் நாள் மறுபடியும். ஏழாம் நாள் எண் குறைவாகத்தான் வரும், சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அதைப் பார்த்து யாரும் கட்டடத்தை இடிக்கச் சொல்வதில்லை. அதற்காக அறிக்கையில் எண்ணைக் கூட்டி எழுதவும் முடியாது. அந்த எண்ணை நம்பி மேலே இன்னொரு மாடி ஏற்றுவார்கள். அம்மாவும் அவன் "நல்லா இருக்கான்" என்பதை நம்பித்தான் ஒவ்வொரு மாசமும் கணக்குப் போடுகிறார்.

இன்னொன்றும் இருந்தது. காயத்தை முறையாகப் பதிவு செய்தார்களா என்று அவனுக்கே தெரியவில்லை. கேட்டால் பெர்மிட்டை ரத்து செய்துவிடுவார்கள் என்று பயம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் தேடிப் படித்தேன். சிங்கப்பூரின் 2019-ஆம் ஆண்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியருக்கும் பொருந்தும். முதலாளி மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து நடந்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அம்மாவிடம் மறைக்கிறவன் மனிதவள அமைச்சிலும் போய்ச் சொல்ல மாட்டான். மறைப்பது ஒரே பழக்கம்தான்.

ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேனே? அரிச்சந்திரன் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு அதுவும் சின்ன விஷயம் இல்லை. அவனுக்குத் தெரியாமல் வாக்கை மீறுவது இன்னொரு பொய். ஜொகூர் பாருவில் இறங்கியதும் கூப்பிட்டேன்.

"டேய், சரின்னு சொன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன். நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீயே சொல்லிடு."

"உனக்கென்ன, உன் கை நல்லா இருக்கு" என்றான். வைத்துவிட்டான்.

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உண்மை பேசுவதற்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அவனுடையது, பேசுவது மட்டும் நான். இதை வாதத்தால் சரிக்கட்ட முடியாது.

மறுநாள் வகுப்பை விட்டுவிட்டு, காலி டின்னைக் கொடுக்கப் போனேன். அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"இளைச்சிட்டானா?"

"கொஞ்சம் இளைச்சிருக்கான் ஆன்ட்டி. முறுக்கு அன்னிக்கே தீர்ந்துருச்சு. மத்ததை அவனே உங்ககிட்ட பேசணும். இன்னிக்கு ராத்திரி நீங்க கூப்பிடுங்க."

டின்னை வாங்கிக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஒரு மாசமா ஒரே பக்கமா உட்கார்ந்துதான் பேசுறான். தூங்க முடியல தம்பி. எந்தக் கைன்னு மட்டும் சொல்லு."

"இடது. ரெண்டு விரல் நுனி. ஆறிக்கிட்டு வருது."

அவர் பிரஷர் ஏறி விழவில்லை. அழுதார். பிறகு எனக்குத் தே கலக்கிக் கொடுத்தார்.

நண்பன் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள், எந்தெந்தத் தாள் வேண்டும் என்று கேட்டு மெசேஜ் அனுப்பினான். மனு கொடுத்துவிட்டான், முடிவு வரவில்லை. வேலையில்தான் இருக்கிறான். இந்தக் கட்டுரையை அவனுக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்டேன். போடு என்றவன் ஒரே ஒரு திருத்தம் சொன்னான்: முறுக்கு அன்றைக்கே தீரவில்லையாம். நான் கிளம்பும்போதே பாதி டின் இருந்ததாம். அதை வேறொரு டப்பாவில் கொட்டிவிட்டுத்தான் டின்னை என்னிடம் கொடுத்தானாம்.