வாராத நாளுக்கு ஆயத்தம்

உரிய காலத்தில் செய்யப்பட்ட உதவி சிறிதாயினும் உலகைவிடப் பெரிது என்பது வள்ளுவர் காட்டிய அளவை. பள்ளிப் பருவத்திலிருந்தே நாம் இதனை அறிவோம். ஆயினும் இதனை ஒட்டி எழும் மற்றொரு வினாவை நாம் எழுப்பிப் பார்ப்பதில்லை. வருமோ வாராதோ என்று தெரியாத ஒரு நாளுக்காக ஒருவன் ஆண்டுக்கணக்கில் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறானே, அந்த உழைப்பை எந்த அளவுகோலால் அளப்பது? அந்த நாள் அவன் வாழ்வில் வாராமலே போய்விட்டால், அவ்வுழைப்பு அறமாகுமா, வீணாகுமா?

இவ்வினாவைத் தெளிவாகக் காண, ஹாம் வானொலியாளர் என்னும் சிறு கூட்டத்தாரின் வாழ்வு நமக்குத் துணைசெய்யும். வீட்டின் ஒரு மூலையில் ஒரு கருவியையும் மொட்டை மாடியில் ஒரு கம்பியையும் வைத்துக்கொண்டு, முகமறியா மனிதரோடு வானொலி வழியே உரையாடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இவர்கள். மைய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்ற பின்னரே இவர்கள் பேச இயலும். 12 வயது நிரம்பியவர் எவரும் அத்தேர்வை எழுதலாம். நம் பிரதமராக விளங்கிய ராஜீவ் காந்தியும் இக்கூட்டத்தில் ஒருவராக இருந்தார்.

இவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் நம் சிந்தனைக்கு உரியவை. வானொலி வழியே இவர்கள் வாணிகம் பேசலாகாது, கூலி பெறலாகாது, மறைமொழியில் உரையாடலாகாது. எவரும் கேட்கும்படி வெளிப்படையாகவே பேச வேண்டும். சாதாரண நாள்களில் பிறருடைய செய்தியைச் சுமந்து செல்லவும் இவர்களுக்கு உரிமை இல்லை. நிலநடுக்கம், வெள்ளம், புயல் போன்ற இடர்களால் வழக்கமான தொடர்புகள் அறுந்துபோன வேளையில்தான் அவ்வுரிமை கிடைக்கிறது. இவர்களுடைய பொழுதுபோக்கு தொண்டாக மாறும் வாயில் அதுவே.

கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடே இல்லாத இக்காலத்தில் இவர்கள் எதற்கு என்று கேட்கலாம். தொலைபேசிக் கோபுரம் மின்சாரத்தை நம்பி நிற்பது. மின்சாரம் நின்றால் அதன் பாட்டரி சில மணி நேரமே தாங்கும். கோபுரம் பிழைத்தாலும், அதனை நிலையத்தோடு இணைக்கும் தடம் அறுந்தால் பயனில்லை. எல்லாம் நன்றாக இருந்தாலுங்கூட, ஊரார் அனைவரும் ஒரே நேரத்தில் அழைத்தால் வழி அடைபட்டுவிடும். ஹாம் வானொலிக்கோ ஒரு 12 வோல்ட் கார் பாட்டரியும், இரு மரங்களுக்கிடையே கட்டிய ஏறத்தாழ 20 மீட்டர் கம்பியும் போதும். 7 மெகாஹெர்ட்ஸ் அளவில் எழும் அலை, வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். இடையில் கோபுரமும் வேண்டா, கம்பித் தடமும் வேண்டா.

ஆயினும் கருவி இருப்பதனால் மட்டும் ஒருவன் ஆயத்தமானவன் ஆகிவிடமாட்டான். விடுமுறை நாள்களில் இவர்கள் திறந்த வெளியிலோ குன்றின்மேலோ கூடுகின்றனர். மின்சாரம் அற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, கம்பி கட்டி நிலையம் அமைக்கின்றனர். செய்தியைத் தாளில் எழுதி, எண்ணிட்டு, யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை சொற்கள், எந்த நேரம் என்று குறித்து அனுப்புகின்றனர். பெற்றவர் அதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. 'நலம்' என்று வந்த செய்தியை 'நலமாம்' என்று மாற்றினாலே போதும். கேட்கும் தாயின் நெஞ்சில் ஐயம் புகுந்துவிடும்.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அந்த ஒரு சொல்லின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தந்திக்காரர் வாயிலில் நின்றாலே கைநடுங்கிய குடும்பங்கள் நம்முடையவை. அத்தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, நாகையிலும் கடலூரிலும் உற்றாரைக் கொண்டிருந்த நம்மவர், கிடைக்காத எண்களையே மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்ததை நாம் மறக்க இயலாது.

அதே ஆழிப்பேரலை அந்தமானையும் தாக்கியது. அந்தமானிலிருந்து ஹாம் வானொலியை இயக்குவதற்குப் பல்லாண்டுகளாக இசைவு கிடைக்காமலிருந்தது. பாரதி பிரசாத் என்னும் பெண்மணி நெடுங்காலம் முயன்று அவ்விசைவைப் பெற்று, அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் சென்றார். அவர்கள் சென்றது துயர் துடைப்பதற்கன்று. அரிதாகவே கேட்கும் ஒரு தீவிலிருந்து உலகெங்கும் உள்ள வானொலி அன்பர்களோடு உரையாடும் மகிழ்ச்சிக்காகவே சென்றனர். ஆயிரக்கணக்கானோரோடு உரையாடவும் செய்தனர். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நிலம் நடுங்கியது. தொலைபேசியும் மின்சாரமும் தடைப்பட்டன. முதல்நாள் வரை விளையாட்டாக இருந்த நிலையம், துயருற்றோர் செய்தியைப் பெருநிலத்துக்கு எடுத்துச் செல்லும் நிலையமாயிற்று. தீவில் இருப்போர் உயிரோடு உள்ளனர் என்னும் செய்தி, கடல் கடந்து அவர்தம் உறவினரைச் சென்றடைந்தது.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. ஆபத்துக்காகப் பயில்பவன், உள்ளத்தின் ஆழத்தில் ஆபத்தை விரும்புகிறான் அல்லனோ? தன் திறமை வெளிப்படும் நாளை அவன் எதிர்நோக்கியிருக்கிறான் அல்லனோ? இவ்வையத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. பிறர் துயரத்தில் தன் பெருமையைத் தேடுவோர் எல்லாத் தொண்டிலும் உண்டு; இங்கும் இருக்கக்கூடும். ஆனால் அந்தமான் நிகழ்ச்சி நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. அக்குழுவினரின் கைகளைப் பழக்கியது அழிவைப் பற்றிய எதிர்பார்ப்பு அன்று. தாம் செய்யும் செயலின்மேல் கொண்ட அன்பு. அழிவை மட்டுமே நோக்கிப் பயில்பவன், அது வாராத இரண்டாம் ஆண்டிலேயே சலித்துவிடுவான். செயலில் மகிழ்ச்சி காண்பவனோ இருபது ஆண்டுகள் ஆனாலும் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பான். இன்பம் கடமைக்குப் பகை என்று எண்ணுவது நம் வழக்கம். இங்கு இன்பமே கடமைக்குக் காவலாக நிற்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. அதுவே நம் வினாவுக்கு விடையாகவும் அமைகிறது. இடர்க்காலத்தில் பலர் ஒரே அலைவரிசையில் கூடுவர். ஒரே வேளையில் இருவர் பேசினால் இருவர் சொல்லும் கெடும். ஆகலின் ஒருவர் நெறிப்படுத்த, அழைக்கப்பட்டவரே பேசுவர்; ஏனையோர் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் உள்ள நிலையத்துக்கு நலிந்த குரல் ஒன்று கேளாமற்போனால், எங்கோ அமைதியாக இருந்த ஒருவர் அதைப் பெற்றுக் கைமாற்றிக் கொடுப்பார். அவ்வாறு அழைக்கப்படாமலே இரவு முழுதும் விழித்திருந்து, விடியலில் கருவியை அணைத்துவிட்டு அலுவலகம் செல்பவரும் உண்டு. அவர் ஒரு செய்தியும் அனுப்பவில்லை. அவர் பெயர் எந்த இதழிலும் வாராது. அவர் உதவி செய்தாரா, இல்லையா?

செய்தார் என்றே நாம் கருதுகிறோம். அவர் அங்கே இருந்தார் என்பதனாலேயே அந்த நலிந்த குரலுக்கு ஒரு செவி மிகுதியாயிற்று. அக்குரல் எழாமற்போனது அவர் குற்றமன்று. ஊரார் பெற்ற பேறு. தீ பற்றாத வைக்கோற்போருக்கு அருகே நிறைந்து நிற்கும் நீர்த்தொட்டியை வீண் என்று எந்த உழவனும் சொல்லமாட்டான். உரிய காலத்தில் செய்த உதவி உலகினும் பெரிதாகலாம். ஆனால் அக்காலம் வந்த பின்னர்க் கற்கத் தொடங்குபவனால் அவ்வுதவியைச் செய்ய இயலாது. பெயரற்ற பல ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்தே அந்த ஒரு நாளின் உதவியாக விளைகின்றன.

நாம் அனைவரும் வானொலி பயில வேண்டும் என்பதன்று. அடுக்கு வீடுகளில், மொழி வேறான அண்டை அயலாரிடையே வாழும் நாம், சில எளிய வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்ளலாம். தொலைபேசி ஓய்ந்துவிட்டால் நம் உறவினர் எண்களில் எத்தனை நமக்கு நினைவில் உள்ளன? அவற்றைத் தாளில் எழுதி வைத்திருக்கிறோமா? நம் மாடியில் தனித்திருக்கும் முதியவர் எவர்? அவருடைய மருந்து எது? நம் சங்கத்து உறுப்பினருள் ஓர் இரவில் கதவைத் தட்டத்தக்கவர் யார்? இவற்றுக்கு விடை தேடுவது சிறு செயலே. தேடிய விடைகள் என்றும் தேவைப்படாமலே போகட்டும் என்பதே நம் விருப்பம். அவ்வாறு போனாலும், அந்தத் தாளை ஆண்டுக்கொருமுறை எடுத்துத் திருத்தி வைப்பவர் அண்டை வீட்டாருக்கு அன்றே உதவியவர் ஆகிறார்.